ஆழ்கடல் பாக்டீரியாவை லேபில் அழுத்தத்தில் வளர்ப்பது எப்படி?

ஆழ்கடல் நுண்ணுயிர்களை லேபில் வளர்க்கப் போகிறேன் என்றால் எல்லோரும் முதலில் மிரள்வது அழுத்தத்தைப் பார்த்துத்தான். உள்ளபடி சொன்னால், அழுத்தம் கொடுப்பது இதில் சுலபமான பகுதி. கனமான ஸ்டீல் கலன், ஒரு கைப்பம்ப், நல்ல ஓ-ரிங் (கசிவை அடைக்கும் ரப்பர் வளையம்), அவ்வளவுதான். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: கலனை மூடிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஆக்சிஜன் தீர்ந்ததா, சூடு ஏறியதா, பி.ஹெச். நகர்ந்ததா, ஒன்றும் தெரியாது. திறந்து பார்த்தால் பெரும்பாலும் அந்தச் சோதனை அத்தோடு முடிந்தது. "அழுத்தத்தில் வளர்ச்சி குறைந்தது" என்று நோட்டில் எழுதும் முன், குறைத்தது அழுத்தம்தானா அல்லது காற்றில்லாமல் போனதா என்று உறுதி செய்துகொள்வதுதான் இந்த வேலையில் பாதிக்கு மேல்.

முதலில் கணக்கு. கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் சுமார் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 1000 மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 10 மெகா பாஸ்கல், கடலின் சராசரி ஆழத்தில் 38 மெகா பாஸ்கல் அளவில், மரியானா அகழியின் அடியில் சுமார் 110. ஆய்வுக் கட்டுரைகள் மெகா பாஸ்கலில் பேசும், உங்கள் பம்பில் இருக்கும் கேஜ் பி.எஸ்.ஐ.யிலோ பாரிலோ பேசும். ஒரு மெகா பாஸ்கல் 10 பார், 145 பி.எஸ்.ஐ. இதை ஒரு அட்டையில் எழுதிப் பம்பிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். பாரையும் பி.எஸ்.ஐ.யையும் குழப்பினால் தப்பு பதினான்கு மடங்குக்கு மேல் போகும், அது விளையாட்டில்லை.

எந்த உயிரியோடு தொடங்குவது?

என் கட்சி எப்போதும் ஃபோட்டோபாக்டீரியம் புரோஃபண்டம், அதிலும் எஸ்.எஸ்.9 என்ற இனவகை. சுலு கடலில் 2551 மீட்டர் ஆழத்தில் பிடிபட்ட ஒரு ஆம்ஃபிபாடிலிருந்து, அதாவது இறால் சாதிச் சிறுபிராணி ஒன்றிலிருந்து, பிரித்தெடுக்கப்பட்டது. இதற்குப் பிடித்த அழுத்தம் 28 மெகா பாஸ்கல், வெப்பநிலை 15 டிகிரி. இதன் பெரிய சௌகரியம், சாதாரணக் காற்றழுத்தத்திலும் இது வளரும், பெட்ரி தட்டில் காலனி வைக்கும். அதனால் காலனி எடுப்பது, ஜீனை மாற்றுவது, எண்ணுவது எல்லாமே வழக்கமான மேசையில் நடக்கும். அழுத்தம் தேவைப்படும்போது மட்டும் கலனுக்குப் போனால் போதும். அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் டக்ளஸ் பார்ட்லெட் குழு இதை வைத்துத்தான் அழுத்தத்துக்கு ஏற்ப மாறும் சவ்வுப் புரதங்களைப் பிடித்தது: ஓ.எம்.பி.ஹெச். என்ற புரதம் 28 மெகா பாஸ்கலில் ஏறும், ஓ.எம்.பி.எல். சாதாரண அழுத்தத்தில் ஏறும். இதே இனத்தில் 3டி.சி.கே. என்ற ஒன்று சான் டியேகோ வளைகுடாவின் ஆழமில்லாத தண்ணீரிலிருந்து கிடைத்தது, அழுத்தம் அதற்கு ஆகாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டினால் உங்கள் ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்கிறதா என்பது முதல் சோதனையிலேயே தெரிந்துவிடும்.

அகழியின் அடியிலிருந்து வந்த வீரர்கள் மேல் ஆசைப்பட வேண்டாம். 1981-இல் அதே ஸ்கிரிப்ஸின் அரிஸ்டைட்ஸ் யயனோஸ் குழு வெளியிட்ட எம்.டி.41 என்ற பாக்டீரியா, மரியானா அகழியில் 10,476 மீட்டரிலிருந்து வந்தது. 2 டிகிரி குளிரில், 69 மெகா பாஸ்கலில், அதற்கு மிகவும் பிடித்த நிலையிலேயே, ஒரு முறை இரட்டிப்பாக 25 மணி நேரம் எடுத்துக்கொள்ளும். சாதாரண அழுத்தத்தில் வளரவே வளராது. இப்படிப்பட்டதோடு தொடங்கினால், பாக்டீரியா பெருகாததால் கலங்காத ஊடகத்தை (அதற்கு உணவாகும் திரவத்தை) பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள், தப்பு எங்கே என்றும் தெரியாது.

கலன்

316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் கடைந்த தடித்த உருளை, உள்ளே நேரான குழி, மேலே திருகு மூடி அல்லது குறுக்கே பின் செருகிப் பூட்டும் மூடி, மூடியில் ஒரு ஓ-ரிங், மூடியின் நடுவே மெல்லிய துளை, அதன் முனையில் வால்வு. பம்பிலிருந்து வரும் குழாயைச் சட்டென்று மாட்டிக் கழற்றும் இணைப்பு இருந்தால் ஒரே பம்பை வைத்து எத்தனை கலன் வேண்டுமானாலும் ஓட்டலாம். 100 மெகா பாஸ்கல் வரை தாங்கும் அப்படியொரு இணைப்பை யயனோஸும் வான் பாக்ஸ்டலும் 1982-இல் வடிவமைத்து வெளியிட்டார்கள். பட்ஜெட் போடும்போது இதை நினைவில் வையுங்கள்: ஒரு பெரிய கலனைவிட நான்கைந்து சின்னக் கலன்கள் எவ்வளவோ மேல். காரணம் பின்னால் வரும்.

கலனைத் தெருமுனை லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாமா என்று கேட்பார்கள். கடையலாம், ஆனால் சுவரின் தடிப்பு, திருகின் தாங்குதிறன் எல்லாவற்றையும் அழுத்தக் கலன் வடிவமைக்கத் தெரிந்த இன்ஜினியர் கணக்குப் போட்டிருக்க வேண்டும், வேலை செய்யப்போகும் அழுத்தத்தைவிடக் கூடுதலான அழுத்தத்தில் தண்ணீர் ஏற்றிச் சோதித்த சான்றும் வேண்டும். இவை இல்லாத கலனைத் தொடாதீர்கள். தண்ணீர் 28 மெகா பாஸ்கலில் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் சுருங்கும், 100-இல் நாலு சதவீதம் போல. அதனால் தண்ணீர் மட்டும் நிரம்பிய கலன் கசிந்தால் பொதுவாக அழுத்தம் சட்டென்று விழுந்துவிடும். அதற்காக அதை லேசாக எடுக்கவும் கூடாது: ஊசிமுனை ஓட்டை வழியாக வரும் உயர் அழுத்தத் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும், கசிவைக் கையால் தடவிப் பார்க்கவே கூடாது. உள்ளே காற்று அடைபட்டிருந்தால் கதையே வேறு. சுருங்கிய காற்று மூடியைத் துப்பாக்கிக் குண்டு போல அனுப்பிவிடும். காற்றை முழுக்க வெளியேற்றுவது, பாதுகாப்புக் கண்ணாடி போடுவது, பம்ப் அடிக்கும்போது மூடிக்கு நேராக முகத்தை வைக்காமல் இருப்பது, இந்த மூன்றிலும் சலுகையே கிடையாது.

பாக்டீரியாவை எதில் போடுவது?

அழுத்தம் உள்ளே போக வேண்டும், ஆனால் கலனில் இருக்கும் தண்ணீரும் உங்கள் ஊடகமும் கலக்கக் கூடாது. இதற்குப் பலர் பல வழி பார்த்தார்கள்: ரப்பர் அடைப்பான் போட்ட சோதனைக் குழாய், முனை அடைத்த சிரிஞ்சு, பிளாஸ்டிக் பை. தொடங்குபவர்களுக்கு ரொம்பத் தோதானது, லேபில் மூலைக்கு மூலை கிடக்கும் பாலிஎதிலீன் டிரான்ஸ்ஃபர் பைப்பெட். அதன் குமிழில் ஊடகத்தை நிரப்பி, கழுத்தை ஹீட் சீலரில் ஒட்டிவிட்டால் சின்னத் தண்ணீர் பாக்கெட் மாதிரி ஆகிவிடும். மெல்லிய சுவர் வளைந்துகொடுப்பதால் வெளியே இருக்கும் அழுத்தம் அப்படியே உள்ளேயும் இருக்கும்.

நிரப்புவதில் ஒரு கைப்பக்குவம் இருக்கிறது. எஸ்.எஸ்.9-க்கு வழக்கமான 2216 மரைன் பிராத் (கடல் பாக்டீரியாவுக்கான ஆயத்த ஊடகம்) போதும். அதில் கொஞ்சம் குளுக்கோஸ், 100 மில்லிமோலார் ஹெப்பெஸ் பஃபர் (பி.ஹெச். நகராமல் பிடித்து வைக்கும் பொருள்) சேர்த்து பி.ஹெச். 7.5-க்குக் கொண்டுவாருங்கள் (ஏன் என்று பிறகு சொல்கிறேன்). முந்தைய வளர்ப்பு நன்றாகக் கலங்கி, ஆனால் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் கட்டத்தில், ஐந்நூறில் ஒரு பங்கு அளவுக்கு எடுத்துப் புது ஊடகத்தில் விடுங்கள். எல்லாக் குமிழும் இந்த ஒரே பாத்திரத்திலிருந்துதான் நிரம்ப வேண்டும். குமிழை அழுத்தி உறிஞ்சுங்கள், தலைகீழாகத் திருப்பி விரலால் சுண்டிச் சுண்டி குமிழ்க்காற்றைக் கழுத்துக்கு ஏற்றுங்கள், பிறகு மெதுவாகப் பிதுக்கி, ஒட்டப்போகும் இடத்தைத் தாண்டித் திரவம் நிற்கும்போது சீலரை வையுங்கள். கழுத்தில் திரவம் இருந்தால் ஒட்டு சில சமயம் வாயைப் பிளக்கும். பக்கத்தில் இன்னொரு ஒட்டு போட்டுவிடுவது நல்லது. ஒட்டியதை டிஷ்யூ பேப்பரில் வைத்து நன்றாக அழுத்திப் பாருங்கள், பேப்பர் நனைந்தால் தூக்கிப் போடுங்கள். மார்க்கரில் எழுதியது தண்ணீரில் கிடந்தால் மங்கும், அதனால் கழுத்தின் மிச்சத்தை நீளமாக விட்டு அதில் கத்தரியால் வெட்டுக்குறி போட்டுக்கொள்ளுங்கள்: ஒரு வெட்டு முதல் தொகுதி, இரண்டு வெட்டு இரண்டாவது, இப்படி. பாலிஎதிலீன் வழியாக ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக ஊடுருவும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சிஜன் பட்டாலே சாகும் வகைகளுக்கு இது உதவாது, அவற்றுக்குக் கண்ணாடிச் சிரிஞ்சுதான்.

மூடுவதும் அழுத்துவதும்

கலன், அதில் ஊற்றும் தண்ணீர், பம்ப் தண்ணீர், எல்லாமே முந்தைய நாளே 15 டிகிரியில் இருக்க வேண்டும். அறையின் சூட்டில் மூடி அழுத்திவிட்டுக் குளிர் இன்குபேட்டருக்குள் வைத்தால் தண்ணீர் சுருங்கி அழுத்தம் சில மெகா பாஸ்கல் இறங்கிவிடும், நீங்கள் 28 என்று எழுதிவைத்தது 28-ஆக இருக்காது. கலனில் கடல்நீர் ஊற்றாதீர்கள், வடிநீர் போதும். உப்பு திருகிலும் ஓ-ரிங் பள்ளத்திலும் உட்கார்ந்து ஸ்டீலைக் குழிகுழியாக அரித்துவிடும், 316 என்றாலும்.

குமிழ்களைப் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் விட்டு, கலனை லேசாகத் தட்டி ஒட்டியிருக்கும் காற்றை எழுப்புங்கள். ஓ-ரிங்கை ஒருமுறை விரலில் உருட்டிப் பாருங்கள், கீறலோ தட்டையான இடமோ இருந்தால் மாற்றிவிடுங்கள். லேசாக சிலிகான் கிரீஸ். வால்வைத் திறந்தே வைத்து மூடியை இறக்கினால் நடுத்துளை வழியாகத் தண்ணீர் பொங்கி வரும். வர வேண்டும், வரவில்லை என்றால் உள்ளே காற்று நிற்கிறது. மூடியைக் கையால் இறுக்கினால் போதும். ஓ-ரிங் அழுத்தம் ஏற ஏறத் தானே பள்ளத்தில் அழுந்தி அடைத்துக்கொள்ளும், ஸ்பேனரும் நீளக்குழாயும் போட்டு முறுக்குவது திருகைக் கெடுக்கிற வேலை.

பம்பை மாட்டி மெதுவாக அடியுங்கள். கொஞ்சம் ஏற்றி நிறுத்துங்கள், முள் நிற்கிறதா பாருங்கள். அழுத்தினால் தண்ணீர் லேசாகச் சூடாகும். அறை வெப்பநிலையில் 100 மெகா பாஸ்கலுக்கு இரண்டு மூன்று டிகிரி. 28-க்கு ஒரு டிகிரிகூட வராது. அந்தச் சூடு ஆறும்போது முள் கொஞ்சம் இறங்கும், அது கசிவில்லை. சில நிமிடம் விட்டு, மறுபடி 28-க்கு ஏற்றி, வால்வை மூடி, பம்பைக் கழற்றுங்கள். அதற்குப் பிறகும் இறங்கினால்தான் கசிவு.

கன்ட்ரோல் இல்லாவிட்டால் ஒன்றுமில்லை

கன்ட்ரோல் என்றால், சோதிக்கும் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அப்படியே வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் ஜோடி. ஆல்வின் நீர்மூழ்கியின் சாப்பாட்டுக் கதை இங்கே பொருந்தும். 1968 அக்டோபரில் அந்த ஆராய்ச்சிக் கலம் அட்லான்டிக்கில் 1500 மீட்டருக்கும் மேலான ஆழத்தில் மூழ்கியது, ஆட்கள் தப்பித்துவிட்டார்கள், மதியச் சாப்பாடு உள்ளேயே போய்விட்டது. பத்து மாதத்துக்கும் மேலாகக் கழித்துத் தூக்கியபோது சாண்ட்விச்சும் ஆப்பிளும் ஏறக்குறையக் கெடாமல் இருந்தன. நுண்ணுயிரியலாளர் ஹோல்கர் யன்னாஷ் குழு செய்த நல்ல காரியம், அந்த உணவை ஏறத்தாழ அதே குளிரில், ஆனால் சாதாரண அழுத்தத்தில், ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தது. சில வாரத்தில் கெட்டுப்போனது. அந்த ஃப்ரிட்ஜ் இல்லாவிட்டால் "குளிரில் கெடவில்லை" என்று முடித்திருப்பார்கள். ஆனாலும் அந்தச் சாண்ட்விச்சில் இருந்தவை பெரும்பாலும் நிலத்துக் கிருமிகளாகத்தான் இருந்திருக்கும், ஆகவே அதைவைத்து ஆழ்கடல் பாக்டீரியாக்கள் எல்லாமே சோம்பேறிகள் என்று சொல்ல முடியாது என்பது என் எண்ணம். 1979-இல் யயனோஸ் குழு அழுத்தத்தில்தான் நன்றாக வளரும் ஒரு பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்துக் காட்டியபோது அந்த வாதம் ஒருவழியாக அடங்கியது.

உங்கள் கன்ட்ரோல் இப்படி இருக்கட்டும்: அதே பாத்திரத்திலிருந்து நிரப்பிய, அதே மாதிரி ஒட்டிய குமிழ்கள், அதே வகைக் கலனில், அதே தண்ணீரில், மூடி போட்டு, அழுத்தம் மட்டும் இல்லாமல். ஷேக்கரில் சுற்றும் ஃபிளாஸ்கை கன்ட்ரோல் என்று வைப்பவர்கள் உண்டு. அது கன்ட்ரோலே இல்லை. ஃபிளாஸ்கில் காற்று தாராளம், குமிழில் பஞ்சம்.

அந்தப் பஞ்சத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். 15 டிகிரியில் காற்றோடு கலந்த கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் இருக்கும். ஊடகம் கண்ணுக்குத் தெரியும் அளவு கலங்குவதற்குள் பாக்டீரியா அதைக் குடித்து முடித்துவிடும். அதன் பிறகு நீங்கள் அளப்பது பட்டினியை. இதற்கு மூன்று வழி. ஒன்று, ஆக்சிஜனே வேண்டாம் என்று குளுக்கோஸ் கொடுத்து நொதிக்க விடுவது; எஸ்.எஸ்.9 இதற்கு ஒத்துக்கொள்ளும், மேலே குளுக்கோஸ் சேர்க்கச் சொன்னது அதனால்தான், வரும் அமிலத்தைத் தாங்கத்தான் அவ்வளவு ஹெப்பெஸ். இரண்டாவது, நைட்ரேட்டைச் சுவாசிக்கத் தெரிந்த வகையாக இருந்தால் நைட்ரேட் கொடுப்பது. மூன்றாவது, ஃப்ளோரினெர்ட் போன்ற பெர்ஃப்ளோரோகார்பன் திரவம்: தண்ணீரைவிட எவ்வளவோ மடங்கு ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். அதில் ஆக்சிஜனைக் குமிழவிட்டு, குமிழின் கொள்ளளவில் கால் பங்கு அதையும் மிச்சம் ஊடகத்தையும் நிரப்புவார்கள். அது கனமானது, அடியில் போய் உட்காரும், ஆகவே கலனைப் படுக்கவைத்தால் இரண்டும் தொடும் பரப்பு கூடும். சிக்கல் என்னவென்றால், அதைத் தயாரித்துவந்த 3எம் நிறுவனம், 2025 முடிவுக்குள் இந்த வகை ரசாயனங்கள் எல்லாவற்றையும் நிறுத்தப்போவதாக 2022 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் வழியைப் பழகிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

பஃபரிலும் இதே மாதிரி ஒரு பொறி. பாஸ்பேட் பஃபர் அழுத்தத்தில் நகரும், 100 மெகா பாஸ்கலுக்குச் சுமார் 0.4 பி.ஹெச். அமிலப் பக்கம் போகும். கலனைத் திறந்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடும், அதனால் மீட்டர் வைத்துப் பார்த்தாலும் பிடிபடாது. டிரிஸ், ஹெப்பெஸ் இரண்டும் இந்த விஷயத்தில் நம்பகமானவை.

திறந்து அளப்பது

வளர்ச்சிக் கோடு வரைய ஆறு நேரப்புள்ளி வேண்டும் என்றால் நேர்மையான வழி ஆறு கலன், ஒவ்வொரு நேரத்துக்கும் ஒன்றைத் திறப்பது. சின்னக் கலன்கள் நிறைய வாங்கச் சொன்னது இதற்குத்தான். கலன் பற்றாக்குறை என்றால் திறந்து, இரண்டு குமிழை எடுத்து, சில நிமிடத்துக்குள் மறுபடி அழுத்தலாம், எஸ்.எஸ்.9 பொறுத்துக்கொள்ளும், ஆனால் அப்படிச் செய்ததைக் கட்டாயம் எழுதிவையுங்கள். எம்.டி.41 போன்றவற்றுக்கும் ஒரு நொடி அழுத்தம் போனால் உயிர் போகும் என்பதில்லை. குளிரில் வைத்திருந்தால் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு மெல்ல மெல்லச் சாகும். வாயு நிறையக் கரைந்திருக்கும் வளர்ப்பு என்றால் வால்வை மிக மெதுவாகத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் செல்லுக்குள்ளேயே குமிழி கட்டிவிடும்.

குமிழை எடுத்ததும் துடைத்து, ஆல்கஹால் தடவி, கழுத்தை வெட்டி 600 நானோமீட்டரில் ஓ.டி., அதாவது கலங்கல் அளவு, பாருங்கள். ஓ.டி.யோடு நிறுத்தவும் கூடாது. அழுத்தத்தில் தவிக்கும் செல்கள் பிரியாமல் நீண்டுகொண்டே போகும், குடலில் வாழும் பாக்டீரியாவான ஈ. கோலையை 20 முதல் 50 மெகா பாஸ்கலில் வைத்தால் நூல் நூலாக நீளும். ஓ.டி. ஏறும், எண்ணிக்கை ஏறியிருக்காது. அதனால் டேப்பி சாயம் (டி.என்.ஏ.வில் ஒட்டி ஒளிரும் சாயம்) போட்டு மைக்ராஸ்கோப்பில் எண்ணிவிடுங்கள், உருவத்தையும் பார்த்த மாதிரி ஆயிற்று. ஆர்.என்.ஏ. எடுப்பதானால் இன்னும் அவசரம்: அழுத்தம் போன சில நிமிடத்திலேயே ஜீன்களின் வேலை மாறத் தொடங்கும். பனிக்கட்டியும் நிறுத்தும் கரைசலும் மூடியைத் திறக்கும் முன்பே மேசையில் தயாராக இருக்க வேண்டும்.

சாதாரண அழுத்தத்தில் வளராத வகைகளுக்குத் தட்டில் காலனி என்ற பேச்சே இல்லை. அவற்றைத் தனிப்படுத்த இரண்டு வழி உண்டு: குழாயிலோ பையிலோ சிலிக்கா ஜெல் அல்லது குறைந்த சூட்டில் உறையும் அகரோஸில் செல்களைப் பரப்பி, அதை அப்படியே கலனுக்குள் வைத்து உள்ளேயே காலனி வரவிடுவது, அல்லது பத்துப் பத்து மடங்காக நீர்த்துக்கொண்டே போய், கடைசியாக வளர்ந்த குமிழை எடுத்து மறுபடி அதையே செய்வது. இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் கருவி எதுவும் வேண்டாம்.

கடலிலிருந்து நேராக மாதிரி எடுப்பவர்களுக்கு ஒன்று. அழுத்தம் குறைவதைவிடப் பெரிய எதிரி சூடு. இந்தியப் பெருங்கடலின் ஆழத்தில் தண்ணீர் இரண்டு டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும், மேற்பரப்பில் 28. வண்டல் எடுக்கும் கருவி அந்த வெந்நீர் அடுக்கைத் தாண்டி, வெயில் காயும் கப்பல் தளத்தில் வந்து இறங்கும்போது, குளிர் பழகிய பாக்டீரியாக்களில் நிறைய போயிருக்கும். வெப்பம் புகாத உறை, தளத்தில் தயாராக ஐஸ், குளிர் அறைக்கு ஓட ஓர் ஆள், இவை விலை உயர்ந்த அழுத்தம் காக்கும் மாதிரிக் குடுவையைவிட அதிகம் காப்பாற்றும். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் மத்திய இந்தியப் பெருங்கடல் வண்டலிலிருந்து பூஞ்சைகளைப் பிரித்து அழுத்தத்தில் வளர்த்திருக்கிறார்கள், ஆகவே பாக்டீரியாவோடு நிறுத்திக்கொள்ளவும் தேவையில்லை.

கடலடி வெந்நீர் ஊற்று உயிரிகள் வேண்டும் என்பவர்கள் இந்தக் குறிப்பை நம்பி இறங்க வேண்டாம். மெத்தனோபைரஸ் காண்ட்லெரி என்ற அப்படியொரு நுண்ணுயிரின் 116 என்ற வகை 20 மெகா பாஸ்கலில் 122 டிகிரி வரை வளர்ந்ததாக 2008-இல் ஜப்பானியர் காட்டினார்கள், ஆனால் அங்கே ஹைட்ரஜன் வாயு, கொதிநிலைக்கு மேற்பட்ட சூடு, அழுத்தம் மூன்றும் சேர்ந்து வரும்; டைட்டானியம் கலனும் அதற்கென்று பழகிய ஆட்களும் இருக்கும் லேபுக்குப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். அழுத்தத்தில் இருக்கும்போதே மைக்ராஸ்கோப்பில் பார்க்க ஜன்னல் வைத்த கலன்களும் உண்டு. ஈ. கோலை 80 மெகா பாஸ்கலில் நீந்துவதை நிறுத்தி, அழுத்தத்தை எடுத்ததும் பெரும்பாலானவை உடனே நீந்தத் தொடங்குவதை அப்படித்தான் பார்த்தார்கள். பார்க்க அருமையாக இருக்கும், முதல் கலனுக்கே காசு தேடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இல்லை.

ஒவ்வொரு ஓட்டமும் முடிந்ததும் கலனை வடிநீரில் அலசி, திருகுகளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, தலைகீழாகக் காயவிடுங்கள், மூடியைப் போட்டு வைக்காதீர்கள். ஒவ்வொரு கலனுக்கும் ஒரு எண், ஒரு நோட்டு. எத்தனை முறை எவ்வளவு அழுத்தத்துக்கு ஏறியது, ஓ-ரிங் எப்போது மாற்றியது என்று அதில் இருக்கட்டும். ஒரு குமிழ் உள்ளே பிய்ந்து ஊடகம் கலனில் கொட்டியிருந்தால் அந்தத் தண்ணீரை ஆட்டோகிளேவ் செய்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும், வால்வையும் கழற்றிக் கழுவ வேண்டும். சாக்கடை வாடை அடிக்கும் வால்வு பெரும்பாலும் இந்த வேலையைத் தள்ளிப்போட்டவர் லேபில்தான் இருக்கும். ஓ-ரிங்குகளை மட்டும் கலன் வாங்கும்போதே டஜன் கணக்கில் வாங்கிவிடுங்கள், அளவு எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி.